கையெழுத்து மட்டும் போதும் அண்ணாச்சி

போன சித்திரையில் ஒரு போன். "அண்ணாச்சி, வீட்டு வேலை முடிஞ்சிட்டு. பால்காய்ப்புக்கு நாள் குறிச்சாச்சு. இ.பி.யில குடுக்க டெஸ்ட் ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்து மட்டும் வேணும். எவ்வளவுன்னு சொல்லுங்க, தந்துருதேன்."

பாளையங்கோட்டையில் லைசென்ஸ் வைத்து வயரிங் காண்ட்ராக்ட் எடுக்கிறேன். புது வீட்டு வயரிங்கைச் சோதித்துப் பார்த்துவிட்டேன் என்று நாங்கள் எழுதித் தருவதுதான் டெஸ்ட் ரிப்போர்ட். மாதம் ஒரு தடவையாவது இந்த மாதிரி போன் வரும். கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தாள் வாங்குகிற மாதிரி, இதுவும் ஒரு காகிதம் என்றுதான் நினைக்கிறார்கள். "வீட்டைப் பார்க்காம போட மாட்டேன். வந்து சோதிக்கிறேன், அரை நாள் ஆகும்" என்றேன். பெரும்பாலும் இதோடு போனை வைத்துவிடுவார்கள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்.

மாடி வீடு. பார்த்துப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். சுவரில் விலை கூடின சுவிட்ச், ஹாலில் சீலிங் முழுக்க லைட். மெயினை நிறுத்தி, பல்பெல்லாம் கழற்றி, வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கரைப் போட்டேன். வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் ஒரு நிமிஷம் கொடுத்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். தாராளமாகவே காட்டியது. இவ்வளவு நல்ல வயரா என்று எனக்கே திருப்தி. அடுத்து மீட்டரின் ஒரு முனையை டிபியின் (வீட்டு வயரெல்லாம் வந்து சேரும் பெட்டி) எர்த் பட்டையில் வைத்துவிட்டு, மறுமுனையை அடுப்படி பிளக்கின் மேல் ஓட்டைக்குள், அதாவது எர்த் ஓட்டைக்குள் விட்டேன். இணைப்பு இருந்தால் மீட்டர் சத்தம் போடும். சத்தமே இல்லை.

போர்டைக் கழற்றினேன். எர்த்துக்கான பச்சை வயர் பாக்ஸ் வரைக்கும் வந்திருக்கிறது. இரண்டு அங்குலம் நீட்டி, இரண்டாய் மடித்து, டேப் சுற்றி, மூலையில் சொருகியிருக்கிறது. சாக்கெட்டின் எர்த் ஸ்குரூவில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு 14 பிளக் பாயிண்ட் பார்த்தேன், 11-ல் இதே கதை. வாஷிங் மெஷினுக்கென்று புழக்கடையில் வைத்த பிளக்கும் அதில் ஒன்று. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணி அள்ளுகிற இடம்.

வீட்டுக்காரர் பின்னாலேயே நின்றார். "ஆனா எல்லாம் எரியுதே அண்ணாச்சி?" என்றார்.

எரியும். எர்த் இல்லாமலும் லைட் எரியும், ஃபேன் ஓடும், கிரைண்டர் அரைக்கும். பத்து வருஷம் ஒரு குறையும் தெரியாது. என்றைக்காவது மெஷினுக்குள் வயர் உரசி, அதன் உடம்பில் கரண்ட் ஏறும். அதை மண்ணுக்கு இறக்கிவிட எர்த்துக்கு அன்றைக்குத்தான் வேலை.

வெளியே எர்த் வயர் மண்ணில் இறங்குகிற எர்த் பிட்டைப் பார்த்தேன். காம்பவுண்ட் ஓரம் மூன்றடி பைப் ஒன்றை அடித்து மண் மூடியிருந்தார்கள். மண்ணுக்குள் கரண்ட் இறங்க எவ்வளவு தடை என்று அளக்கிற எர்த் டெஸ்டர் 38 ஓம் காட்டியது. இது எவ்வளவு மோசம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். கரண்ட் கூடினால் தானாக விழுந்து நிறுத்துகிற 16 ஆம்பியர் எம்சிபிக்கு 6 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, விழாது. அந்தப் பச்சை வயரை ஒழுங்காக மாட்டியிருந்தால்கூட மெஷினின் உடம்பு கரண்டோடு அப்படியே நிற்கும். இதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நிறுத்திவிடுகிற ஆர்சிசிபி வைக்கிறோம். டிபியில் அதுவும் இருந்தது, ஆனால் வயர் அதற்குள் போகவில்லை. வேலை செய்த பையனைக் கேட்டேன். "சும்மா சும்மா டிரிப் ஆச்சுண்ணே, பைபாஸ் பண்ணிட்டேன்" என்றான். ஒரு ரூமின் நியூட்ரலை, அதாவது கரண்ட் திரும்புகிற வயரை, ஆர்சிசிபியில் சேராத இன்னொரு ரூமில் இருந்து எடுத்திருந்தான். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துவராததால்தான் விழுந்திருக்கிறது. ஆர்சிசிபி அவனுக்குத் தப்பைக் காட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அவனை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கொத்தனார் கூட்டி வந்த ஆள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று பேசியிருக்கிறார்கள். நம் ஊரில் வயரிங் கூலி பேசுவதே இப்படித்தான்: ஒரு லைட் ஒரு பாயிண்ட், ஒரு ஃபேன் ஒரு பாயிண்ட், ஒரு பிளக் ஒரு பாயிண்ட். எர்த் ஸ்குரூவை முறுக்கினாலும் முறுக்காவிட்டாலும் பாயிண்ட் பாயிண்ட்தான். குழி தோண்டி இரண்டரை மீட்டர் பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுகிற வேலை எந்தப் பாயிண்டிலும் வராது. சோதிக்கிற அரை நாளுக்கும் கூலி கிடையாது. வீட்டுக்காரர் நாலு பேரிடம் ரேட் கேட்டுக் குறைந்ததைப் பிடிக்கிறார். எந்தச் சைஸ் வயர், லைட்டுக்கு 1.5-ஆ, பிளக்குக்கு 2.5-ஆ, ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்எம்மா, எர்த் யார் பொறுப்பு, சோதிக்கப் போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. ஏதாவது குறைய வேண்டும் என்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் குறையும்.

சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. முதலில் 1956-ம் வருஷ இந்திய மின்சார விதிகளில் 45-வது விதி, பிறகு 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் 29-வது, இப்போது அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்த ஒழுங்குமுறைகள். பல்ப், ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதை யாரும் செய்யலாம். அதற்கு மேல் புது வயரிங்கோ, கூடுதல் வயரிங்கோ, மாற்றமோ எதுவானாலும் லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்று உள்ள ஒருவர் நேரடியாக மேற்பார்வை பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் லைசென்ஸ் தருவது கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிம வாரியம். காண்ட்ராக்டர் ஆக வேண்டும் என்றால் சான்று பெற்ற ஆட்களைக் காட்ட வேண்டும்; மெக்கர், எர்த் டெஸ்டர் மாதிரி கருவிகளும் கையில் இருக்க வேண்டும். கருவியைக் காட்டி வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு, கருவியைப் பையில் இருந்து எடுக்காமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் என் தொழிலில் இருக்கிறார்கள். நினைத்தால் எனக்கு வயிறு எரியும். நான் மாட்டேன் என்று அனுப்பின ஆட்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குச் சாயங்காலமே வேறு இடத்தில் கையெழுத்துக் கிடைத்திருக்கும்.

வீடு கட்டுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். முடிந்த பிறகு காண்ட்ராக்டரைத் தேடாதீர்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்னால், கம்பி கட்டி பைப் போடுகிற அன்றைக்கே அவர் உங்கள் வீட்டில் நிற்க வேண்டும். லைசென்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள், என்று வரைக்கும் செல்லும் என்று தேதியைப் பாருங்கள். இதற்குக் கோபப்படுகிறவர் வேண்டாம். சுவர் பூசுவதற்கு முன்னால் பைப் ஓடுகிற வழியையெல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஒரு ஆணி அடிக்கக்கூட அது உதவும். கூலி பேசும்போதே எர்த்துக்கும் சோதனைக்கும் தனியாக ஒரு தொகை எழுதச் சொல்லுங்கள். சோதிக்கிற அன்றைக்குக் கூடவே நில்லுங்கள். ரிப்போர்ட்டில் எழுதுகிற எண் மீட்டரில் வந்ததை உங்கள் கண்ணால் பாருங்கள். ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும்.

அந்த வீட்டில் மூன்று நாள் வேலை ஆனது. புழக்கடையில் தண்ணீர் ஓடுகிற பக்கமாக இரண்டு பிட் புதிதாகப் போட்டோம். 38 ஓம் 4.6-க்கு வந்தது. நியூட்ரலைப் பிரித்து, ஆர்சிசிபி வழியாகக் கொடுத்து, 11 பிளக்கிலும் பச்சை வயரை முறுக்கி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பால்காய்ப்புக்கு ஜெனரேட்டர் வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு. ஆனாலும் அன்றைக்குக் காலையில் அந்த வீட்டம்மாவே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்தப் பட்டனை நான் அமுக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார்கள். அமுக்கினார்கள், விழுந்தது. மாமியாரைக் கூட்டி வந்து இன்னொரு தடவை அமுக்கிக் காட்டினார்கள்.

அந்தப் பையன் இப்போது என்னோடு வேலை செய்கிறான். எட்டு வருஷமாக வயர் இழுக்கிறான், கை அவ்வளவு சுத்தம். வயரை இழுக்கப் பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டால் எந்த வளைவிலும் சிக்காது. கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இருந்ததில்லை. எர்த் எதற்கு என்று அதுவரை அவனுக்கு யாரும் சொன்னதே இல்லையாம். பத்தாவதில் நின்றவன். மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு நடத்துகிறது. 21 வயதும், மின் வேலையில் 5 வருஷ அனுபவமும் இருந்தால் எழுதலாம். அது இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், "அனுபவச் சான்று யாருண்ணே தருவா?" என்றான். கொத்தனார் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வந்தவனுக்கு எட்டு வருஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அவன் வேலை பார்த்த வீடுகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, அவனைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு காண்ட்ராக்டராகப் பார்த்து வருகிறேன். இதுவரை இரண்டு பேர் எழுதித் தந்திருக்கிறார்கள்.

போன வாரம் பெருமாள்புரத்தில் ஒரு வீடு. எர்த் டெஸ்டரின் கம்பிகளை அவனே ஊன்றி, அளவை அவனே எடுத்தான். 5.2 வந்தது. நோட்டில் எழுதிவிட்டு, "அண்ணே, இன்னொரு தடவை எடுத்துப் பாத்துருதேன்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடுங்கித் தள்ளி ஊன்றப் போனான்.