12 வோல்ட் படகில் 3.3 வோல்ட் போர்டு: பஃபர் ஐசி தேர்ந்தெடுத்த அனுபவம்

முட்டத்தில் மாமாவின் விசைப்படகில் அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் அலாரம் அடிக்க வேண்டும். தண்ணீர் ஏறினால் மூடிக்கொள்ளும் மிதவை சுவிட்சிலிருந்து வருவது பேட்டரியின் 12 வோல்ட். என்ஜின் ஓடி சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். அதைக் கவனிக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கோ 3.3 வோல்ட்தான் கணக்கு. நடுவில் ஒரு பஃபர் ஐசி, அதாவது வரும் சிக்னலைத் தன் சப்ளை வோல்ட்டேஜில் அப்படியே திருப்பித் தரும் சிப், தேவைப்பட்டது.

ஐசியின் விவரத்தாளான டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் வோல்ட்டேஜ் பெரும்பாலும் சப்ளைக்கானது. இன்புட் எவ்வளவு தாங்கும் என்பது உள்ளே தனி வரியில் இருக்கும். எனக்கு முக்கியம் அந்த வரிதான். 74எச்சி125 என்ற பஃபரின் சப்ளை 2 முதல் 6 வோல்ட். ஆனால் அதன் இன்புட்டிலிருந்து சப்ளைக்கு உள்ளேயே ஒரு டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) போகிறது. 12 வோல்ட் கொடுத்தால் அந்த வழியாகக் கரண்ட் 3.3 லைனுக்குள் ஏறிவிடும். இன்னொரு பஃபரான 74எல்விசி125-ன் இன்புட் 5.5 வரைதான்.

மிஞ்சியவை 74எச்சி4050, சிடி4050பி. இரண்டிலும் அந்த டயோடு கிடையாது. முன்னதன் இன்புட் 15 வோல்ட் வரை, பின்னதன் இன்புட் 18 வரை. 3.3 சப்ளையில் எச்சி வகைதான் வேகம், ஆனால் மிதவை சுவிட்சுக்கு வேகம் எதற்கு? 14.4-க்கு 15 என்பது ஒட்டிப்போகிற கணக்கு. சிடி4050பி-யையே எடுத்தேன், அதன் சப்ளை 3 வோல்ட்டிலிருந்தே தொடங்குகிறது.

நாகர்கோவிலில் ஒரு கடையில் "4010 இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை. 4010-க்கு 1, 16 என இரண்டு பின்னிலும் (ஐசியின் கால்) சப்ளை வேண்டும். 4050-ல் 16 சும்மா கிடக்கும். அதனால் 4010 இருந்த இடத்தில் பெரும்பாலும் 4050 உட்காரும், 4050 இடத்தில் 4010-ஐப் போட முடியாது. 4050-ல் சப்ளை 1-வது பின், தரை 8-வது பின். போர்டு வரையும்போது இதைக் கவனியுங்கள், பல ஐசிகளில் சப்ளை கடைசிப் பின்னில் இருப்பதால் பழக்கத்தில் கை 16-க்குத்தான் போகும்.

சுவிட்ச் கம்பியில் 10 கிலோ ஓம், அதன் பிறகு தரைக்கு 15 வோல்ட் ஜீனர் (வோல்ட்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் பிடிக்கும் டயோடு) போட்டேன், மோட்டார் நிற்கும்போது எழும் வோல்ட்டேஜ் ஸ்பைக்குக்காக. சுவிட்ச் திறந்திருக்கையில் இன்புட் அந்தரத்தில் நிற்காமலிருக்க 100 கிலோ ஓம் தரைக்கு. 4050-ல் உள்ள ஆறு பஃபரில் பயன்படாத ஐந்தின் இன்புட்டும் தரைக்கே.

அப்புறம் அலாரம். "மக்கா, என்ஜின் சத்தத்துக்கு மேல கேக்கணும்" என்றார் மாமா. போர்டின் 3.3-ஐ ஹாரனின் 12 வோல்ட்டுக்கு ஏற்ற வேண்டும், அங்கே 4050 உதவாது. 12 வோல்ட் சப்ளையில் அது ஹை என்று ஏற்க 8 வோல்ட்டுக்கு மேல் வேண்டும், போர்டு தருவது 3.3. ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், அது இயக்கும் ஒரு ரிலே (காயிலில் கரண்ட் போனால் மாறும் சுவிட்ச்), அதன் காயிலுக்குக் குறுக்கே டயோடு. ஹாரன் நன்றாகவே கேட்கிறது.