ஒரு நாளைக்குப் பத்து தடவை: செவலைக்கு மடிநோய் வந்தபோது

ஐப்பசி அடைமழை. கொட்டகைத் தரை சேறும் சாணியுமாகக் குழைந்து கிடந்தது. செவலை கன்று போட்டு 20 நாள் ஆகியிருந்தது. ஜெர்சி கலப்பு, மூன்றாம் ஈத்து, இரண்டு வேளையும் சேர்த்து 12 லிட்டர் கறந்துகொண்டிருந்தாள். அன்று விடியற்காலை நான் கறக்க உட்கார்ந்ததும் காலை உதறினாள். உதைக்கிற மாடே இல்லை அவள். இடது பின்காம்பைத் தொட்டுப் பார்த்தேன். மடியின் அந்தப் பக்கம் மட்டும் கல்லாக இறுகியிருந்தது, கை வைத்தால் சுட்டது. முதல் பீச்சலை உள்ளங்கையில் வாங்கினால் திரிதிரியாகத் தயிர்த்துணுக்கு மாதிரி விழுந்தது.

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கறுப்பு மாட்டுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. யாரோ சொன்னதைக் கேட்டு மஞ்சளை மட்டும் குழைத்துக் காலையும் மாலையும் பூசிவிட்டு, வைத்தியம் நடக்கிறது என்ற தைரியத்தில் ஐந்து நாள் இருந்துவிட்டேன். அந்தக் காம்பு அடைத்தே போனது. மூன்று காம்பு மாட்டைச் சந்தையில் என்ன விலைக்குக் கேட்பார்கள் என்று மாடு வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் இந்தத் தடவை முதலில் டாக்டருக்குத்தான் போன் போட்டேன். அவர் வந்து ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. தீனி தின்றாள், அசை போட்டாள். நான்கு குழி உள்ள தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியாக விட்டு, ஒரு கரைசலை ஊற்றிச் சுழற்றினார். நல்ல பால் நீர்க்கவே இருந்தது. பின்காம்புப் பால் கூழ் மாதிரி திரண்டது. வெளியே ஒரு குறையும் தெரியாத இடது முன்காம்புப் பாலும் லேசாகத் திரண்டது. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஆரம்பம்தாம்மா. சோத்துக்கத்தாழை மருந்தை அஞ்சு நாள் போடுங்க. ஆனா காய்ச்சல் அடிச்சாலோ, தீனி எடுக்கலைன்னாலோ, பால் தண்ணியா, ரத்தமா வந்தாலோ ஒரு வேளைகூடக் காத்திருக்காதீங்க, ஊசி போட்டாகணும்" என்றார்.

இந்த மருந்து எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பலருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஊர் ஊராக எடுத்துச் சொன்ன முறை. தேசிய பால்வள வாரியமும் இதைப் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் முள்ளை மட்டும் சீவிவிட்டுத் தோலோடு நறுக்கி, மூன்றையும் சேர்த்து மிக்ஸியில் அரைக்க வேண்டும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தித் தண்ணீரின் அதே சிவப்பு வந்துவிடும். அந்தச் செங்கல் நிறம் வந்தால் கூட்டு சரி. ஒரு நாளைக்கு அரைத்தது அந்த நாளைக்கு மட்டும். மறுநாள் புதிதாக அரைக்க வேண்டும்.

பூசுவதில்தான் கஷ்டமே இருக்கிறது. ஒரு நாளைக்குப் பத்து தடவை. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டால் பத்தாவது முறை இரவு ஏழுக்கு வரும். ஒவ்வொரு தடவையும் மடியைத் தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி, நோய்க் காம்பில் தேங்கியதையெல்லாம் பீச்சி எடுத்துவிட வேண்டும். பிறகு விழுதில் ஒரு கை எடுத்து 150, 200 மில்லி தண்ணீரில் கரைத்து மடி முழுக்க, நான்கு காம்பும் நனைய, தடவ வேண்டும். நல்ல காம்புக்கு எதற்கு என்று முன்பு நினைத்திருக்கிறேன். தட்டில் முன்காம்புப் பால் திரண்டதைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

என்னைக் கேட்டால் மருந்தில் பாதி அந்தப் பீச்சலில்தான் இருக்கிறது. கெட்ட பால் உள்ளே நிற்க நிற்கக் கிருமி பெருகும். கறுப்பு மாட்டுக்கு நான் செய்யத் தவறியது அதுதான். பீச்சியதைக் கொட்டகையில் விடாமல் பாத்திரத்தில் பிடித்துத் தூரத்துக் குழியில் ஊற்றினேன். செவலையைக் கடைசியாகக் கறந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கன்றைத் தனியாகக் கட்டி, வலது பக்கத்து இரண்டு காம்பில் மட்டும் ஊட்டவிட்டேன். அத்தனை நாளும் பால் சொசைட்டிக்கு அவள் பால் போகவில்லை.

இன்னொன்றையும் டாக்டர் சொன்னார். கறந்து முடித்து அரை மணி நேரம்வரை காம்பின் துளை திறந்தே இருக்குமாம். அந்த நேரத்தில் மாடு சேற்றில் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அதிலிருந்து கறந்த உடனே பசும்புல்லை முன்னால் போட்டு அவளை நிற்க வைத்தேன். தரையைச் சுரண்டி மணல் பரப்பினோம். மழையில் மணல் கொண்டுவர என் வீட்டுக்காரர் பட்ட பாடு தனிக்கதை.

முதல் நாள் ஒரு தப்பு செய்துவிட்டேன். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் கண்ணளவில் அள்ளிப் போட்டதில் அதிகமாகிவிட்டது. மறுநாள் காலை காம்புத் தோல் வறண்டு வெடித்திருந்தது. தொட்டால் சிலிர்த்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மளிகைக் கடைத் தராசில் 15 கிராம் நிறுத்துப் பார்த்தேன். கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது, அவ்வளவே. நான் போட்டது அதில் இரண்டு மடங்கு இருக்கும். இரவு கடைசிப் பூச்சுக்கு அப்புறம் காம்பில் மட்டும் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தேன், இரண்டு நாளில் தோல் ஆறியது.

தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி மூன்று நாள் தின்னக் கொடுக்கவும் டாக்டர் சொல்லியிருந்தார். முதல் துண்டைத் துப்பினாள். வெல்லத்தில் தொட்டு நீட்டியதும் வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் ஒரு மாற்றமும் இல்லை. "ஊசியே போட்டுடலாமே, ஏன் இந்தப் பாடு?" என்று அத்தை கேட்டார்கள். தெர்மாமீட்டரைக் காட்டினேன். காலையும் மாலையும் 101, 101.5 என்றுதான் நின்றது, மாட்டுக்கு அது காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் மாலை திரி குறைந்தது. நான்காம் நாள் கை வைத்தால் சூடு தெரியவில்லை, இறுக்கம் தளர்ந்து மடி மெத்தென்று ஆகியிருந்தது. ஐந்தாம் நாள் வந்த பாலைக் காய்ச்சிப் பார்த்தேன், திரியவில்லை. ஒரு வாரம் கழித்து டாக்டர் மறுபடி தட்டில் ஊற்றிச் சுழற்றினார். நான்கு குழியிலும் பால் நீர்க்க ஓடியது. அப்புறம்தான் சொசைட்டிக்கு ஊற்றினேன். 12 லிட்டர் திரும்ப வரவில்லை. 11 தான் கறக்கிறாள்.

இதைக் கேள்விப்பட்ட என் தங்கை, நாய்க்குப் புண் வந்தால் மாட்டுப் புண்ணுக்கு அரைக்கிற பூண்டு மருந்தைப் போடலாமா என்று கேட்டாள். கூடாது. நாய் பூசியதை நக்கும். பூண்டும் வெங்காயமும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுவை உடைக்கிற விஷம். மாட்டுக்கு எழுதியது மாட்டுக்குத்தான்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெரு அக்கா கிண்ணத்தோடு வந்தார்கள். "மடி வீங்கியிருக்கு, உன் மருந்துல கொஞ்சம் குடும்மா."

"தீனி எடுக்குதாக்கா?"

"காலைலேர்ந்து படுத்தே கெடக்கு."

ஓடிப்போய்ப் பார்த்தேன். காது சில்லிட்டிருந்தது. காம்பைப் பீச்சினால் பழுப்பாகத் தண்ணீர் வந்தது. கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போட்டேன். வண்டி வந்து ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். இரவு பத்து மணிக்கு மாடு எழுந்து நின்றது. அந்தக் காம்பு போய்விட்டது, மாடு இருக்கிறது.