மஸ்டரில் 412 பேர்

ஜனவரி 5, திங்கள்

எந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் என்று இரண்டு சங்கத்துக்கும் நடக்கிற ஓட்டுக்கு மஸ்டர் பட்டியல், அதாவது கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிற ஆட்களின் பெயர்கள், ஒட்டிவிட்டார்கள். கேன்டீன் வாசலில் இருக்கிற நோட்டீஸ் போர்டில், கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டி. போட்டோ எடுக்கக் கூடாதாம், செக்யூரிட்டி அங்கேயே நிற்கிறான். டீ டயத்தில் ஆளுக்கு ஒரு பத்தியாகப் பிரித்துக்கொண்டு கையால் எழுதி வந்தோம். மொத்தம் 412. அங்கீகாரத்துக்கு அதில் 51 சதவீதம் வேண்டும், 210.12, புள்ளிக்கு ஆள் கிடையாது, அதனால் 211.

பங்காரபேட்டை அண்ணன் பெயர் இருக்கிறது. அவர் முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து இ.எஸ்.ஐ. லீவில் படுத்திருக்கிறார். வருவாரா?

ஜனவரி 6

211. தூக்கம் வரவில்லை.

ஜனவரி 7, புதன்

மும்பையில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டேன். அவர்களுக்கு 1971-லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது, ஆறு மாசம் தொடர்ந்து 30 சதவீதம் உறுப்பினர் கணக்கு காட்டினால் போதும், அங்கீகாரம் கேட்கலாம். இங்கே இத்தனை வருஷமாக அப்படி எதுவும் இல்லாமல் நிர்வாகம் யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறதோ அதுதான் சங்கம் என்று ஓடியது. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டதென்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் அந்த 51 எதில் என்பதைத்தான் ஒருத்தனும் சரியாகக் கேட்டுக்கொள்ளமாட்டேன் என்கிறான். ஓட்டுப் போட்டவர்களில் 51 இல்லை, மஸ்டரில் இருக்கிறவர்களில் 51. அப்படியென்றால் காய்ச்சலில் படுத்தவன், கொழுந்தியாள் கல்யாணத்துக்குப் போனவன், ரயிலை விட்டவன், சும்மா சோம்பலில் வராதவன், எல்லாரும் நமக்கு எதிராகப் போட்ட கணக்கில்தான் வருவார்கள். அந்தப் பக்கத்துச் சங்கத்துக்கு ஜெயிக்கவே வேண்டாம். கூட்டம் குறைந்தால் போதும்.

இதை மூன்று ஷிப்டிலும் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால்.

ஜனவரி 8

தேதி 17 என்கிறார்கள். சனிக்கிழமை. பொங்கல் முடிந்து மறுநாள் மறுநாள்! பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள் என்று எச்.ஆருக்குத் தெரியாதா என்ன.

ஜனவரி 9, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு பெங்களூர் டெய்ரி சர்க்கிள் கார்மிக பவன், தொழிலாளர் துறை ஆபீஸ். லேபர் ஆபீசர் நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் "நோடோண", பார்க்கலாம், என்கிறார். ரகசிய ஓட்டுக்கு இரண்டு சங்கமும் நிர்வாகமும் அவர் முன்னால்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், அதனால் தேதியை மாற்றவும் மூன்று பேர் சம்மதம் வேண்டும். அந்தப் பக்கத்துத் தலைவர் முதலில் முடியாது என்றார். அப்புறம் அவருடைய ஆட்களிலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் நாற்பது பேராவது ஊருக்குப் போவார்கள் என்று நம் டூல்ரூம் அண்ணன் மெதுவாக எடுத்துச் சொன்னதும் மனுஷன் வாயைத் திறக்கவில்லை. 22, வியாழன் என்று முடிவானது.

வெளியே வந்து மூன்று பேரும் ஒரே கடையில் காபி குடித்தோம். அந்தப் பக்கத்துத் தலைவரே காசு கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 10

கான்டிராக்ட் ஆட்கள் முந்நூறுக்கு மேல் இருப்பார்கள். பட்டியலில் ஒருத்தர்கூட இல்லை. இருக்க முடியாது, அவர்கள் மஸ்டர் காண்டிராக்டரிடம். இது எனக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் பக்கத்து மெஷின் ராய்ச்சூர் தம்பி இன்று போர்டு முன்னால் நின்று மேலிருந்து கீழே விரலை ஓட்டித் தேடினான். "நன்ன ஹெசரு எல்லி அண்ணா?" என்றான், என் பெயர் எங்கே என்று. மூன்று வருஷமாக என் லைனில் இருக்கிறான், நான் டீக்குப் போனால் என் மெஷினுக்கும் அவன்தான் டூல் மாற்றி ஆஃப்செட் போடுகிறான், ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனதில்லை. சம்பளம் என்னுடையதில் பாதிகூட இல்லை. எங்கள் நோட்டீஸை பஸ் ஸ்டாப்பில் நின்று கொடுத்தவனும் அவன்தான்.

செட்டில்மென்ட்டில் உங்களுக்கும் பேசுவோம்டா என்றேன். சரிண்ணா என்றான். 4-வது கோரிக்கை அதுதான். 4-ஐ விடக்கூடாது.

ஜனவரி 11, ஞாயிறு

மாரிக்குப்பம் வண்டி பிடித்து கே.ஜி.எஃப்., கோலார் தங்கவயல், போனேன். நம் ஆட்கள் அறுபது பேருக்கு மேல் தினமும் அங்கேயிருந்துதான் வந்து போகிறார்கள். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று லைன் வீடு லைன் வீடாக ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் டீ. ஓட்டைப் பற்றிப் பேசினதைவிட மருமகள், மகன் படிப்பு, பெங்களூரில் வாடகை, இதுதான் அதிகம். ஒரு வீட்டில் அந்த அம்மா சொன்னது: "2001-ல் சுரங்கத்தை மூடினப்ப எங்க வீட்டுக்காரர் சங்கத்துக்கு சந்தா பாக்கி வைக்கல தம்பி." என்ன அர்த்தத்தில் சொன்னாரென்று இன்னும் புரியவில்லை. திட்டினாரா?

அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் இருமினார். அப்புறம் ஒரே கேள்வி. "பெட்டி ராத்திரி யார்கிட்ட இருக்கும்?" ராத்திரி இருக்காது, அன்றைக்கே எண்ணிவிடுவார்கள் என்றேன். "அப்ப சரி."

பங்காரபேட்டை அண்ணன் வீட்டில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஜனவரி 15

பொங்கல். எள்ளு பெல்லம் கொடுக்க வந்த மாடி வீட்டு அக்காவும் "எலக்ஷன் ஏனாய்து?", என்ன ஆச்சு, என்கிறார். என் வீட்டுக்காரி, இவள்தான் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 18

ரயில்வேயில் இருக்கிற எதிர்வீட்டு அண்ணன் சிரிக்கிறார். அவர்களுக்கு 2013-க்கு அப்புறம் 2024 டிசம்பரில்தான் அங்கீகாரத் தேர்தலே வந்ததாம். நீங்க பரவாயில்லை தம்பி என்கிறார். பரவாயில்லையாம்!

ஜனவரி 20, செவ்வாய்

"கோலார்காரங்க சங்கம்" என்று அந்தப் பக்கம் வாய்வழியாகப் பரப்புகிறார்கள், எழுத்தில் எதுவும் இல்லை. நம்முடைய பொருளாளரே ஹாசன்காரர். சூப்பர்வைசர்கள் திடீரென்று அன்பாகிவிட்டார்கள், நைட் ஷிப்டில் பிரியாணி. எல்லாரும் சாப்பிட்டார்கள், நானும்தான். பிரியாணி என்ன பாவம் செய்தது.

என் கணக்கு: உறுதி 196, சந்தேகம் 40. மாற்றி மாற்றிப் போட்டாலும் அதே.

ஜனவரி 22, வியாழன்

இன்று.

இரவு 11.40

டிரெய்னிங் ஹாலில் காலை 6 முதல் மாலை 5 வரை. சீட்டில் ஸ்பேனர் சின்னம் நாம், சக்கரம் அவர்கள். அட்டைத் தடுப்புக்குள் போய் பேனாவால் பெருக்கல் குறி போட்டு மடித்து வரவேண்டும். அரக்கு வைத்த பெட்டியை நான் ஒரு பக்கம், அவர்கள் ஏஜென்ட் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தோம், சிறுநீருக்குப் போகக்கூட ஆள் மாற்றிவிட்டுத்தான். மாரிக்குப்பம் வண்டி இன்று பார்த்து லேட். மாலூர் தாண்டிவிட்டோம், வைட்ஃபீல்டு வந்துவிட்டோம் என்று மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள். பங்காரபேட்டை அண்ணன் இடுப்பில் பெல்ட்டோடு மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், அந்தப் பக்கத்துப் பையன்தான் எழுந்து நாற்காலி போட்டான்.

எண்ணும்போது சண்டை. ஷாப் ஃப்ளோரிலிருந்து நேராக வந்தவர்கள் கையில் கூலன்ட் எண்ணெய். ஒரு சீட்டில் ஸ்பேனர் மேல் பெருக்கல் சரியாக இருக்கிறது, ஓரத்தில் கட்டைவிரல் ரேகை அச்சடித்தமாதிரி. யார் ஓட்டென்று அடையாளம் தெரியும், செல்லாது என்று அவர்கள். ஃபாக்டரியில் எண்ணெய் இல்லாத விரல் யாருக்கு இருக்கிறது, எச்.ஆருக்கு மட்டும்தான் என்று நான் கத்தினேன். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, செல்லாது என்றார். சக்கரத்திலும் அப்படி நாலு போனது.

ஸ்பேனர் 203. சக்கரம் 171. செல்லாதது 9. வராதவர்கள் 29.

ஜனவரி 23

32 ஓட்டு அதிகம். 51 இல்லை. காலையிலிருந்து வாழ்த்துச் சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஜனவரி 24, சனி

51 யாருக்கும் இல்லாததால் நிர்வாகத்தோடு பேச இரண்டு சங்கமும் சேர்ந்த கவுன்சில். 20 சதவீதத்துக்கு ஒரு ஆள். நமக்கு 49, இரண்டு ஆள். அவர்களுக்கு 41, இரண்டு ஆள். மீதிக்கும் ஒரு ஆள் உண்டு என்று டூல்ரூம் அண்ணன் சட்டத்தைக் காட்டினார். சரி, நம் மீதிக்கு ஒன்று, அவர்கள் மீதிக்கும் ஒன்று. மூன்றுக்கு மூன்று. எப்படிப் போட்டாலும் சமமாகத்தான் வந்து நிற்கிறது.

அந்த 29 பேர் யார் யாரென்று பட்டியல் கையில் இருக்கிறது. பார்க்கக் கூடாது என்று இவள் பிடுங்கி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

ஜனவரி 27

பார்த்துவிட்டேன். ஏழு பேர் நம் ஆட்கள்.

ஜனவரி 29, வியாழன்

கவுன்சில் ஆறு பேரும் தனியாக உட்கார்ந்தோம், நிர்வாகத்திடம் போகும் முன் ஒரே பட்டியல் வேண்டும். டி.ஏ., நைட் அலவன்ஸ், பஸ், மூன்றும் கால் மணி நேரத்தில் முடிந்தது, ஆச்சரியம். 4-க்கு வந்ததும் நின்றுவிட்டது. கான்டிராக்ட் ஆட்கள் விஷயத்தை 11-க்குத் தள்ளுங்கள், பர்மனென்ட் ஆட்கள் ஓட்டில்தானே வந்தோம் என்கிறார் காபி வாங்கிக் கொடுத்தவர். நம் பக்கத்திலேயே ஒருத்தர் தலையாட்டினார், அதைத்தான் தாங்க முடியவில்லை. தள்ளமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாளை செகண்ட் ஷிப்ட். 12 மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள்.