ஓரியூர் செம்மண்

அண்ணன் கத்தோலிக்கச் சாமியாராகி அருணாச்சலப் பிரதேசத்து மலைக் கிராமங்களுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. சிக்னல் கிடைக்கிற நாளில்தான் போன் வரும். அவனுக்காக வேண்டிக்கொள்ள அம்மாவை ஓரியூருக்குக் கூட்டிப்போனேன்.

திருவாடானையிலிருந்து வழியெல்லாம் கருவேலங்காடு. வெயிலும் நல்ல வெயில். லிஸ்பனில் பிறந்த ஒருவர் இந்த முள்ளிலும் புழுதியிலும் நடந்தே ஊர் ஊராகப் போயிருக்கிறார். ஜான் டி பிரிட்டோ, நம் அருளானந்தர். சேசு சபைக் குருவாகி 1673இல் இந்தியா வந்தவர், மதுரை மிஷனில் காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், இந்த ஊர்த் துறவிகளைப் போலப் பண்டாரசாமியாக வாழ்ந்தார். 1686இல் பிடித்துக் கடுமையாகச் சித்திரவதை செய்து, இனி மறவர் சீமையில், அதாவது இந்த ராமநாதபுரம் பக்கம், போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்கள்.

அப்புறம் சபை வேலையாகப் போர்ச்சுகல் போனார். சிறுவயதில் அரண்மனையில் அவரோடு வளர்ந்த பேத்ரோதான் அப்போது ராஜா. அங்கேயே இருந்துவிடச் சொன்னார். இருந்திருக்கலாம். ஆனால் 1690இல் திரும்பி வந்துவிட்டார். எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய இடம் இதுதான். முதல் தடவை வரும்போது இந்த ஊர் எப்படி என்று தெரியாது. இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்தே வந்தார்.

மறவர் சீமைத் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்ட மற்ற மனைவிகளில் ஒருவர் ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அதில் வந்த கோபம் சாமியார் மேல் விழுந்தது. சிறையில் கரியை மையாக்கிக் கடைசிக் கடிதம் எழுதினார். மறுநாள், 1693 பிப்ரவரி 4, இந்த ஓரியூரில், பாம்பாற்றங்கரையில் தலையை வெட்டினார்கள்.

அந்த இடத்து மண் சிவப்பு. அவருடைய ரத்தம் ஊறிய மண் என்றுதான் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். முழந்தாளிட்டிருந்த அம்மா மெதுவாகக் கேட்டாள்: “அவுக அம்மா அப்ப உயிரோட இருந்தாகளா?”

இருந்தார். மகன் சிறுவனாக நோயில் கிடந்தபோது சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, பிழைத்ததும் ஒரு வருடம் சேசு சபை அங்கியை உடுத்திவிட்டவரே அவர்தான். மகன் மறைசாட்சியாக இறந்த செய்தி வந்ததும் துக்க உடை வேண்டாமென்று, விழா உடையில் அரண்மனைக்குப் போனாராம்.

அம்மா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். “அவன் லீவுல வரும்போது குடுக்கணும்” என்றாள்.