ஆட்டோமேட்டிக் காரில் இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் கோளாறு: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

“பி-யில் (பார்க்) வைத்துச் சாவியைத் திருப்பினால் ஒரு டிக் சத்தம்கூட இல்லை, என்-னுக்குத் (நியூட்ரல்) தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது.” வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புகார் இது. கூடவே ரிவர்ஸ் லைட் எரியாது, பின்கேமரா வராது, மீட்டரில் கியர் எழுத்து மறைந்து மறைந்து வரும். சில வண்டிகள் ஒரே கியரில் மாட்டிக்கொண்டு இழுக்கத் திணறும். இதைக் கேட்டதும் “கியர்பாக்ஸ் போச்சு, இறக்கணும்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கிற இன்ஹிபிட்டர் ஸ்விட்சை.

கியர் லீவரை நகர்த்தினால் செலக்டர் கேபிள் இழுபட்டு, கியர்பாக்ஸில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டின் மேல்தான் ஸ்விட்ச் செருகியிருக்கும். லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வதும், பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுவதும் இதன் வேலை. பேட்டரி தட்டுக்கோ ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ கீழே இருப்பதால் தண்ணீர் எளிதில் போகும். சென்னையில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய வண்டி என்றால் கனெக்டர் ரப்பர் வழியாக ஈரம் ஏறி, பின்கள் பச்சை பூத்துவிடும். இன்ஜினுக்குள் பிரஷர் வாஷ் அடிப்பதும் அதே கெடுதலைத்தான் செய்கிறது. அடுக்குமாடி பார்க்கிங்கில் எலி கடித்த ஒயரும் இதே அறிகுறிகளைக் காட்டும். ஸ்விட்ச் வாங்குவதற்கு முன் ஒயரிங்கைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

சோதனையை பேட்டரியில் தொடங்க வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை அழுத்தியபடி சாவியை ஸ்டார்ட்டில் பிடித்துக்கொண்டு, பி நிலையிலேயே லீவரை முன்னும் பின்னும் லேசாக அசைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு இடத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஸ்விட்சின் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கலாம், கேபிள் முனையிலுள்ள புஷ் (வளையம்) தேய்ந்திருக்கலாம், காண்டாக்ட் தேய்ந்திருக்கலாம். லீவர் பி-யை விட்டே நகரவில்லை என்றால் அது வேறு கதை: பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடல் ஸ்விட்ச், ஃபியூஸ் பக்கம் தேட வேண்டும்.

காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் பி0705 அல்லது பி0706 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் சந்தேகம் வலுக்கிறது, ஆனால் அது சொல்வது அந்தச் சர்க்யூட்டில் கோளாறு என்பது மட்டும்தான். ஸ்விட்ச் கெட்டது என்று அர்த்தமில்லை. லைவ் டேட்டாவைத் திறந்து லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, திரையில் அதே எழுத்து வருகிறதா பாருங்கள். நகர்த்தும்போதே கனெக்டரையும் ஒயரையும் அசைத்தால் எழுத்து மாறுகிறதா? அப்படியானால் குற்றவாளி ஒயர்.

கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால், ஸ்டார்ட்டர் பின்கள் இரண்டுக்கும் இடையே பி, என் இரண்டிலும் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். ஆர் (ரிவர்ஸ்), டி-யில் (டிரைவ்) தொடர்பே இருக்கக் கூடாது. எந்தப் பின் எது என்பதற்கு உங்கள் மாடலின் ஒயரிங் படம் கட்டாயம் வேண்டும். உள்ளே எலக்ட்ரானிக் சென்சார் உள்ள புதிய வகைகளுக்கு இந்த ஓம் சோதனை செல்லாது, ஸ்கேனர்தான் வழி. சில கியர்பாக்ஸ்களில் ஸ்விட்ச் ஆயிலுக்குள்ளேயே இருக்கும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

பின்களில் பச்சை மட்டும்தான் என்றால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு ரப்பர் சீலில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரண்ட் கடத்தாத கிரீஸ்) தடவினால் போதும். ஸ்விட்சுக்கு உள்ளேயே தண்ணீர் போயிருந்தால் சுத்தம் செய்வது தற்காலிகம்தான், மாற்றிவிடுவது நல்லது. சென்னையில் உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் வாங்கும்போது பழைய ஸ்விட்சின் பார்ட் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் கொண்டுபோங்கள். பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழையது மலிவாகக் கிடைக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் கழற்றியதா என்று வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது. இந்தப் பாகத்தைப் புதிதாகவே வாங்குங்கள்.

மாற்றும்போது லீவர் என்-னில் இருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். தண்டில் உள்ள நட்டைத் தளர்த்தும்போது செலக்டர் ஆர்மை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த விசை தண்டு வழியாகக் கியர்பாக்ஸுக்குள் போகக் கூடாது. புதிய ஸ்விட்சைச் செருகி, அதிலுள்ள கோட்டை நியூட்ரல் பள்ளத்தோடு நேராக்குங்கள். சிலவற்றில் ஆர்மிலும் ஸ்விட்சிலும் துளை இருக்கும். பொருந்துகிற டிரில் பிட்டை இரண்டிலும் நுழைத்தபடி போல்ட்டை முடுக்கினால் விலகாது. ஸ்விட்சின் உடல் பிளாஸ்டிக், ஆகவே மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கும் விசை) மேல் போகாதீர்கள். இங்கே ஓரிரு டிகிரி விலகினாலும் பி-யில் ஸ்டார்ட் ஆகாத பழைய தொல்லை திரும்பிவிடும். ஸ்கேனரில் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு, ஆர், டி-யில் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதையும் பிரேக்கை அழுத்தியபடி உறுதிசெய்யுங்கள்.

அவசரத்துக்குச் சில மெக்கானிக்குகள் ஸ்விட்சுக்கு வரும் ஸ்டார்ட்டர் ஒயர்கள் இரண்டையும் முறுக்கி நேரடியாக இணைத்து ‘ஜம்பர்’ போட்டுத் தருவார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும். டி-யில் இருக்கும்போதும் ஆகும். பார்க்கிங்கில் முன்னால் குழந்தை நிற்கும்போது அப்படி ஒரு தடவை நடந்தால் போதும். அந்த ஜம்பரோடு வண்டியை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்ச், கியர் மாற்றத்தை இயந்திரமே செய்யும் வகை) வண்டி வைத்திருப்பவர்களுக்கு: பல மாடல்களில் பி நிலையே கிடையாது, என்-னில் பிரேக் அழுத்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். அங்கே தேடலை பிரேக் பெடல் ஸ்விட்சிலிருந்து தொடங்குங்கள்.