கட்டிலுக்குக் காத்திருந்த இரண்டு இரவுகள்
மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் 30 ஆண்டுகள் குலை வெட்டிய என் மாமா, மூச்சுத்திணறலோடு அரசு மருத்துவமனை அவசரப் பிரிவின் நடைபாதையில், தள்ளுகட்டிலிலேயே இரண்டு இரவுகள் கிடந்தார். ஆக்சிஜன் குழாய் நழுவும்போதெல்லாம் அத்தைதான் சரிசெய்தார். தாதியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வார்டில் கட்டில் காலியானால்தானே ஏற்ற முடியும்?

2021இல், கோவிட் உச்சத்தில் இருந்தபோது, அரசு மருத்துவமனைகள் அனுப்பிய மற்ற நோயாளிகளைத் தனியார் மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. அந்த ஏற்பாட்டை நிலையான ஒப்பந்தமாக்க வேண்டும் என்றே நான் மனதார விரும்புகிறேன். ஆனால், மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்குச் சில வெள்ளி (ரிங்கிட்) மட்டும் கட்டிப் பழகிய தோட்டக் குடும்பத்துக்கு, அரசு கொடுத்தது போக மிச்சக் கட்டணம் என்று ஒரு பில்லும் வரக்கூடாது என்பதை அதன் முதல் விதியாக எழுத வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில்தான் மாமாவுக்குக் கட்டில் கிடைத்தது.