கிரியாட்டினின் 0.8

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர், என் 27ஆம் வயதில், காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல் போயிற்று. சிக்குன்குனியா வந்து போன ஊர் என்பதால் எல்லோரும் அதன் மிச்சம் என்றார்கள். நானும் நம்பி, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி மூன்று மாதம் விழுங்கினேன். குறுவை நடவின்போது வயலுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வந்த நாள்களில் கன்னம் சிவந்து எரிந்ததையும், சீப்பில் முடி கொத்தாக வந்ததையும் மூட்டு வலியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு காலையில் இமைகள் தடித்தன; மாலையில் கொலுசு கணுக்காலில் பதிந்து தடம் விட்டது. பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் ரத்தம் மட்டும் எடுத்தார்கள். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் 0.8; இயல்பான அளவு. "கிட்னி நல்லா இருக்கும்மா, ரத்தம்தான் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த 0.8 தான்.

மேலும் ஐந்து வாரம் கழித்துத் தஞ்சாவூரில் நான் பார்த்த மருத்துவர், கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "யூரின் நுரைக்குதாம்மா?" என்று கேட்டார். நுரைத்தது, தண்ணீர் ஊற்றிய பிறகும் சோப்பு நுரை போல நின்றது. அதை யாரிடம் சொல்வது என்ற கூச்சத்தில் விட்டிருந்தேன். ஒரு முழு நாளின் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். காலையில் முதலில் கழிப்பதை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் வரை ஒரு சொட்டும் விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். அந்த ஐந்து லிட்டர் கேனைத் துணிப்பையில் மறைத்து, கூட்டமான பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாத புரதம் 2.8 கிராம் இருந்தது. ரத்தத்தில் டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்தும், எதிர்ப்புச் சக்திக்குத் துணைபுரியும் சி3, சி4 என்ற புரதங்கள் குறைந்தும் இருந்தன. நோயின் பெயர் லூபஸ்; அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றார்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, லூபஸில் தன் செல்களின் உட்கருவையே பகையாகக் கருதி எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. அவை கூட்டுப்பொருள்களாகத் திரண்டு, சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ் என்னும் நுண்குழல் முடிச்சுகளில் வண்டல்போலப் படிந்து, அந்த இடத்தைப் புண்ணாக்குகின்றன. வடிதட்டின் கண்கள் பழுதானதும், ரத்தத்திலேயே நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. ஆனால் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருப்பதால், சில பழுதாகும்போது மற்றவை கூடுதலாக உழைத்துக் கிரியாட்டினினை வெளியேற்றிவிடுகின்றன. நான்கு கிளை வாய்க்காலில் ஒன்றை ஆகாயத்தாமரை அடைத்தாலும் மற்ற மூன்றில் தண்ணீர் கூடுதலாக ஓடி வயல் நனைவதைப் பார்த்து, வாய்க்கால் எல்லாம் சரி என்று நாம் சொல்வதில்லையே. வடிகட்டும் திறனில் ஏறத்தாழப் பாதி போன பிறகே அந்த எண் தெளிவாக ஏறத் தொடங்கும். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையோ அதற்கு வெகு முன்பே காட்டிக்கொடுத்திருக்கும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதை நினைத்தால் இன்றும் ஆற்றாமைதான்.

அடுத்தது பயாப்ஸி. குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகுப்பக்கமாக ஊசியால் இரண்டு நூலிழை அளவு சதையை எடுத்தார்கள்; பிறகு மறுநாள் வரை அசையாமல் மல்லாந்து கிடந்தேன். லூபஸ் சிறுநீரக அழற்சியை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். எனக்கு நான்காம் வகுப்பு. மூன்று நாள் நரம்பு வழியே ஸ்டீராய்டு, பின்னர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மில்லிகிராம் வீதம் ஆறு தவணை சைக்ளோபாஸ்பமைடு, அதன் பிறகு ஆண்டுக் கணக்கில் மைக்கோபீனலேட்; எல்லாம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகள். சைக்ளோபாஸ்பமைடு அதிக அளவில் சேர்ந்தால் கருப்பையைவிடச் சினைப்பையைத்தான் கெடுக்கும் என்பதை விளக்கி, அதனாலேயே குறைந்த அளவு முறையைத் தேர்ந்ததாக மருத்துவர் அம்மாவிடம் சொன்னார். அம்மா கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி அதுதான்.

தொடர்ந்து விழுங்கிய ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியபோது, கல்யாண வீடொன்றில் யாரோ கேலி செய்தார்கள் என்று நான்கு நாள் மாத்திரையை நிறுத்தினேன். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் தூங்கிப்போயிருந்ததால், வாந்தியும் மயக்கமுமாக மீண்டும் தஞ்சைக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பின் அளவைக் குறைப்பது மருத்துவரின் கையில்தான். மலேரியாவுக்கென்று உருவாகி லூபஸுக்கும் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை மட்டும் இன்றும் தொடர்கிறது. அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் ஆண்டுக்கொரு முறை கண்ணைக் காட்டுகிறேன்.

சிறுநீரகத்துக்காக உப்பைக் குறைப்பதுதான் பெரும்பாடு. 1930இல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய வேதாரண்யம் எங்களுக்குப் பக்கம். கருவாடும் ஊறுகாயும் இல்லாத பழையசோற்றை எங்கள் வீட்டில் யாரும் சோறாகவே எண்ணியதில்லை. இந்துப்பு ஒன்றும் செய்யாது என்று அத்தை ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான் என்று நான் சொன்னதில் அவருக்கு இன்றுவரை வருத்தம்.

சென்ற மாதம் என் புரதம் ஒரு நாளுக்கு 300 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியிருந்தது. இப்போது காலைச் சிறுநீரில் சிறிது கொடுத்தாலே புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடுவதால், அந்த ஐந்து லிட்டர் கேனுக்கு வேலையில்லை. அம்மா அதைத் தூக்கிப் போட மறுத்து, யாரும் மண்ணெண்ணெய் ஊற்றிவிடாதபடி என் பெயரை எழுதிப் பரணில் வைத்திருக்கிறார்.